ஊர்ப்பெயரும் ஒரு ஞானியும்
(குணங்குடி மஸ்தான் சாகிபு வரலாற்றில் கதையும் மெய்யும்)

தோற்றுவாய்

சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு இருவகை இடர்கள் நேர்வதுண்டு. செய்தி கிடையாமை ஒன்று. செய்தி மிகுதியாகக் கிடைத்தல் மற்றொன்று. முன்னதினும் பின்னதே பெரிய இடர் என்பது நமது பட்டறிவு. கிடைக்காத செய்தியைத் தேடிச் செல்லலாம். காதுக்கு இனிமையாகக் கிடைத்துவிட்ட கதையை விட்டு விலகுவதோ எளிதன்று.

வடசென்னையில் கல்மண்டபத்தைச் சுற்றி வாழ்வோர்க்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் (ரஹ்) பாடநூலில் மட்டும் காணப்படும் புலவர் அல்லர். அவர்தம் அடக்கத்தலம் இதே இராயபுரத்தில்தான் உள்ளது. துறைமுகம் நோக்கிச் செல்லும் லாரிகளின் இரைச்சலையும், காசிமேட்டிலிருந்து வரும் கடற்காற்றையும் அறிந்தவர்கள் அத்தலத்தையும் அறிவார்கள். நம் மாணவர் பலர் பெற்றோரின் கைப்பற்றி அங்குச் சென்று வந்தவர்களே. ஆகவே, அவரைப் பற்றிய கதைகளும் அவர்களோடு கூடவே வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றன.

அக்கதைகளுள் தலையாயது ஒன்றுண்டு. தொண்டியிலிருந்து வந்தமையால் மஸ்தான் சாகிபு தொண்டியார் எனப்பட்டார். அவர் வாழ்ந்த பேட்டை தொண்டியார்பேட்டை ஆயிற்று. அதுவே பின்னாளில் தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்பது அக்கதை. இதனை நாமும் பல ஆண்டுகள் வகுப்பில் கூறியுள்ளோம். மீலாது விழா மேடைகளிலும் முழங்கியுள்ளோம். விடைத்தாளில் எழுதிய மாணவர்க்கு மதிப்பெண்ணும் வழங்கியுள்ளோம். ஒருநாள், வரலாற்றுப் பாடத்தையும் உடன் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, மஸ்தான் சாகிபு பிறந்த ஆண்டு எது என வினவினார். 1792 என்றோம். அப்படியானால் 1693ஆம் ஆண்டிலேயே தண்டையார்பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது எவ்வாறு என அடுத்து வினவினார். நாம் விடையின்றி நின்றோம். அந்த வினாவுக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

மஸ்தான் சாகிபு அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பது. இராமநாதபுரச் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் 1792இல் பிறந்தார். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. பிறந்த ஊரே பின்னர் அவர் பெயரின் முன்னொட்டாய் நின்று, இயற்பெயரைப் பலரும் மறக்கும்படி செய்துவிட்டது.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஒரு குறிப்பு. தொண்டி என்றதும் ஐங்குறுநூற்றின் தொண்டிப்பத்தை நினைந்து, மஸ்தான் சாகிபைச் சங்ககாலத் தொண்டியோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அம்மூவனார் பாடிய தொண்டி, சேரர்க்குரிய மேலைக் கடற்கரைப் பட்டினம். குணங்குடிக்கு அண்மையில் உள்ள தொண்டியோ கீழைக் கடற்கரைத் துறை. பெயர் ஒன்றாயினும் ஊர் இரண்டு. பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வரலாறு சமைப்பது எத்துணை வழுவுடையது என்பதற்கு இதுவே முதற் சான்றாகும்.

இளமையில் அவர் கீழக்கரை சென்று, தைக்கா சாகிபு எனப் போற்றப்பெற்ற மார்க்க மேதையிடம் கல்வி பயின்றார். அரபு மொழியறிவும் மார்க்கக் கல்வியும் அங்கு வாய்த்தன. கீழக்கரை அந்நாளில் வணிகத்தால் மட்டுமன்றிக் கல்வியாலும் பெயர்பெற்ற ஊர். அரபியும் தமிழும் ஒருங்கே பயின்ற ஆலிம்களை அது தந்துகொண்டிருந்தது. பின்னாளில் அவர் பாடல்களில் அரபுச் சொற்களும் செந்தமிழ்ச் சொற்களும் ஒன்றோடொன்று உராயாமல் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதன் வேர் இங்கேதான் உள்ளது.

தாய்மாமன் மகளை அவருக்கு மணமுடிக்க உற்றார் விழைந்தனர் என்றும், அவர் அதற்கு இசையாது இல்லம் துறந்து வெளியேறினார் என்றும் வழிவழியாகக் கூறி வருகின்றனர். 1813இல் திரிசிரபுரத்தில் ஷாம் சாகிபு என்னும் ஞானாசிரியரிடம் அவர் தீட்சை பெற்றார். அதன்பின் தனிமை நாடி மலைகளிலும் காடுகளிலும் தவமிருந்தார். மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில், முஸ்லிம்கள் சிக்கந்தர் மலை என வழங்கும் குன்றில், 40 நாள் தனித்திருந்து நோற்றதும் அப்பயணத்தின் ஒரு பகுதியாகச் சொல்லப்படுகிறது.

இராயபுர வாழ்வு

பல்லிடங்களும் சுற்றியபின் அவர் சென்னைக்கு வந்தார்; இராயபுரத்தில் தங்கினார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார் எனக் கூறுவர். 1838இல், ஹிஜ்ரி 1254இல், தம் 47ஆம் அகவையில் இங்கேயே மறைந்தார். இம்மண்ணிலேயே அடக்கமும் செய்யப்பெற்றார்.

அவர் கண்ட இராயபுரத்தை இன்றைய மாணவர் மனத்தில் வரைந்துகொள்ளுதல் வேண்டும். அன்று இங்கு இரயில் நிலையம் இல்லை. தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856இல்தான். கப்பல் வந்து அணையும் துறைமுகமும் இல்லை. செயற்கைத் துறைமுகம் உருவானது 1881இல். கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளில் சரக்கையும் மனிதரையும் கரைக்குக் கொண்டுவந்தனர். அப்படகோட்டி மக்களின் வழிபாட்டுக்குரிய புனித பேதுரு ஆலயம் 1829இல் எழுந்தது. பேதுருவைத் தமிழ்க் கிறித்தவர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் அமைந்ததே இராயபுரம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கறுப்பர் பட்டணத்து மதிலுக்கு வடக்கே, மணலும் புதரும் மண்டிக்கிடந்த இக்கரையில்தான் அந்த முஸ்லிம் துறவி தங்கினார். கிறித்தவ ஆலயத்தின் மணியோசை கேட்கும் எல்லையில் இருந்துகொண்டு அவர் பராபரத்தைப் பாடினார்.

ஊர்ப்பெயர்க் கதை

இனி, மாணவர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639இல் சென்னையில் காலூன்றிய பின்னர், சுற்றியுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகப் பெற்றனர். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்றும் 1693ஆம் ஆண்டுக் கொடையால் அவர்கட்குக் கிடைத்தன. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகியன 1708இல் வந்தன. அக்காலக் கம்பெனி எழுத்தர் ஊர்ப்பெயர்களைத் தம் நாவுக்கு வந்தபடி சிதைத்தே எழுதினர். இவ்வூரையும் தண்டோர் என்பது போன்ற வடிவில் எழுதினர். சிதைந்திருப்பினும் அதன் முதலெழுத்து தகரமே, தொகரம் அன்று.

கணக்கு எளியது. கொடை நிகழ்ந்தது 1693. மஸ்தான் சாகிபு பிறந்தது 1792. இடைப்பட்டது 99 ஆண்டுகள். அவர் இராயபுரம் வந்தது 1820களில் எனக் கொண்டால், இடைவெளி 130 ஆண்டுகளையும் கடந்துவிடும். பிறவாத ஒருவர் பெயரால் ஊர் அமைதல் இயலாது.

அங்ஙனமாயின் கதை எவ்வாறு பிறந்தது? இதற்கும் விடையுண்டு. ஊரின் பெயரைத் தமிழில் தண்டையார்பேட்டை என எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதுங்கால், படிப்போர் தொண்டியார்பேட்டை என ஒலிக்கும்படியே எழுத்துகள் அமைந்துவிட்டன. பெயர்ப்பலகையில் அவ்வாறு படித்தவர், அருகிலேயே தொண்டிப் பகுதியிலிருந்து வந்த ஞானியின் அடக்கத்தலத்தையும் கண்டார். இரண்டையும் முடிச்சிட அதற்குமேல் என்ன வேண்டும்? ஞானியிடத்துக் கொண்ட அன்பும் அம்முடிச்சை இறுக்கியது. பொய் சொல்ல வேண்டும் என்று எவரும் கருதிச் செய்ததன்று. பற்றுடையோர் நெஞ்சம் தானே நெய்துகொண்ட ஆடை அது.

இவ்வாறு நேர்வது இவ்வூர் ஒன்றுக்கு மட்டும் உரியதும் அன்று. திருவொற்றியூர்க்கருகே காலடிப்பேட்டை என்றோர் ஊர் உண்டு. யாரோ ஒரு மகானின் காலடி பட்ட இடமென அதற்கும் விளக்கம் கூறுவோர் உளர். உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பாரின் பெயரால் நெசவாளர்க்கென அமைந்த பேட்டை. காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. வண்ணாரப்பேட்டை என்றதும் வீட்டுத் துணி வெளுப்போரையே பலரும் நினைக்கின்றனர். கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துப் பக்குவம் செய்தோர் குடியிருப்பாக அது தோன்றியது. நூலும் தறியும் துணியுமாக வளர்ந்த வடசென்னையின் தொழில் வரலாறு இப்பேட்டைப் பெயர்களில் உறைந்து கிடக்கிறது. கதைகளை மட்டும் கேட்டு அமைந்தால் அவ்வரலாற்றை நாம் இழப்போம்.

பித்தர் என்ற பேச்சு

மஸ்தான் என்னும் சொல்லைப் பற்றியும் மயக்கம் உண்டு. மஸ்த் என்னும் பாரசீகச் சொல் மதர்ப்பை, மயக்கத்தைக் குறிப்பது. இதனைக் கொண்டு அவர் அறிவு திரிந்தவர் என்றும், போதைப் பொருள்களுக்கு ஆட்பட்டவர் என்றும் பேசுவாரைக் கண்டுள்ளோம். சூஃபியர் வழக்கில் மஸ்த் என்பது இறைக்காதலால் தன்னை மறந்த நிலை. பாரசீகக் கவிஞர் மதுவையும் மதுக்கிண்ணத்தையும் பாடியது எப்பொருளிலோ அப்பொருளிலேயே இதனையும் கொள்ளல் வேண்டும். நம் சைவ, வைணவ அடியார்களும் தம்மைப் பித்தர் எனக் கூறிக்கொண்டனர். அதனால் அவர்களை நோயாளர் என்போர் யாருமில்லை.

பாடல்களே இதற்குச் சான்று. சதகம், கண்ணி, ஆனந்தக்களிப்பு, கீர்த்தனை எனப் பல வகைகளில் அவர் பாடியுள்ளார். தளை தட்டாது, எதுகை மோனை பிறழாது, நூற்றுக்கணக்கான அடிகளை யாத்தல் அறிவு திரிந்தவர் செயலாகுமா? உலகை மறந்தவர் அவர். யாப்பை மறந்தவர் அல்லர்.

சமயம் பற்றிய ஐயம்

மூன்றாவது மயக்கமே மிகவும் கூரியது. அகத்தீசன் சதகம், நந்தீசுவரக் கண்ணி, மனோன்மணிக் கண்ணி என்னும் பெயர்களைக் கண்டு, இவர் இந்துவாகப் பிறந்து மதம் மாறியவர் என்று ஒரு சாரார் கூறுவர். இஸ்லாத்தை விட்டு விலகியவர் என்று மற்றொரு சாரார் கூறுவர். இரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். சொல்லைக் காண்கின்றனர், சொல் நிற்கும் இடத்தைக் காண்கிலர்.

அவர் முஸ்லிம் பெற்றோர்க்குப் பிறந்தார். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பெற்றார். காதிரிய்யா ஞானநெறியில் ஒழுகினார். 1166இல் மறைந்த பக்தாதின் ஞானப்பேரரசர் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்கள் (ரஹ்) மீது முகியித்தீன் சதகம் பாடினார். இறைவனின் அருட்பெயரை விளியாகக் கொண்டு றகுமான் கண்ணி பாடினார். இவற்றை ஒருபுறம் ஒதுக்கிவைத்து ஏனையவற்றை மட்டும் படிப்பது நேர்மையான படிப்பாகாது.

அகத்தீசன் என்னும் சொல்லை அகத்தியர் எனவும் கொள்ளலாம். அகத்தின்கண் உறையும் ஈசன் எனவும் கொள்ளலாம். தமிழ்ச் சித்தர் மரபின் சொற்களஞ்சியம் அவர் காலத்துத் தமிழில் ஞானம் பேசுவார்க்குப் பொதுச் சொத்தாய் இருந்தது. மனோன்மணி என்பதும் அத்தகையதே. தமிழ்ப் பக்தி மரபில் பெரும்பாலும் இறைவன் தலைவனாகவும் உயிர் தலைவியாகவும் அமைவர். மஸ்தான் சாகிபோ பரம்பொருளைக் காதலியாக, மனோன்மணியாக விளித்து உருகுகிறார். இது இறைவனைக் காதலியாய்க் கண்ட சூஃபியர் மரபு. பாரசீக நாட்டு உள்ளத்துடிப்பைத் தமிழ்நாட்டுச் சொல்லால் வெளியிட்டார் அவர். இங்ஙனம் காணின் முரண்பாடு மறையும். கவிதையின் ஆழம் விளங்கும்.

காலமயக்கம்

தாயுமானவரும் மஸ்தான் சாகிபும் நண்பர்கள் என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாயுமானவர், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்கச் சொக்கநாத நாயக்கரிடம் பணியாற்றியவர். அவ்வாட்சி முடிந்து 60 ஆண்டுகள் கழித்தே மஸ்தான் சாகிபு பிறந்தார். இருவர்க்கும் இடையில் இருந்தது நட்பன்று, வாசிப்பு. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் தோய்ந்தவர், தாமும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். ஒரு முஸ்லிம் ஞானி, சைவச் சான்றோர் ஒருவரின் யாப்பையும் விளியையும் தமதாக்கிக்கொண்டு இறைவனைப் பாடினார் என்னும் மெய்ச்செய்தி, கற்பனைச் சந்திப்பினும் எத்துணை வியப்புக்குரியது!

இராமலிங்க அடிகளாரோடும் அவரை இணைத்துப் பேசுவர். 1823இல் பிறந்த வள்ளலார், மஸ்தான் சாகிபு மறைந்தபோது சென்னையில் 15 அகவைச் சிறுவர். ஒரே நகரில் ஒரே காலத்தில் வாழ்ந்தமை வேறு, சந்தித்துரையாடினமை வேறு. முன்னதைக் கூறுவதோடு நிற்றலே ஆராய்ச்சியாளர்க்கு அழகு.

மூத்தவர் ஒருவரின் வருத்தம்

இக்கருத்துகளைச் சில ஆண்டுகளுக்கு முன் கல்மண்டபப் பகுதியில் நிகழ்ந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். கூட்டம் முடிந்ததும் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவர் சினக்கவில்லை, வருந்தினார். ஊரின் பெயரிலேயே நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்னும் பெருமை ஒன்றே தம் தலைமுறைக்குப் பற்றுக்கோடாய் இருந்தது என்றார். நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள் எனக் கேட்போர் பெருகிவரும் நாளில், கையிலிருந்த பத்திரத்தை நம் வீட்டுப் பிள்ளையே கிழித்துப் போட்டதுபோல் உள்ளது என்றும் கூறினார்.

அவர் வருத்தம் பொருளற்றதன்று. அன்றிரவு நெடுநேரம் நாம் அதையே எண்ணிக்கிடந்தோம். ஆயினும், பொய்ப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் வழக்கில் உண்மைப் பத்திரத்தையும் இழப்பான் என்பதே நாம் கண்ட முடிவு. ஆண்டுக் கணக்கறிந்த ஒருவர் எழுந்து 1693 என ஒரு சொல் சொன்னால் அக்கதை அங்கேயே சரியும். சரிகையில், அதனோடு சேர்த்துக் கட்டிய மெய்யையும் இழுத்துச் செல்லும்.

அப்படியானால் உண்மைப் பத்திரம் எது? அது தமிழிலேயே உள்ளது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அந்நாளைய சென்னைத் தமிழறிஞருள் முன்னணியில் நின்றவர், ஆழ்ந்த சைவர். அவர் மஸ்தான் சாகிபு மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். நான்மணிமாலையும் பதிற்றுப்பத்தந்தாதியும் கடவுளர்க்கும் குருமார்க்கும் சூட்டும் பாமாலைகள் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். கால்நடையாய்த் திரிந்த ஒரு முஸ்லிம் பக்கீர்க்கு, அரசில்லை, பொருளில்லை, தரக்கூடிய பரிசிலும் இல்லை. அவர்க்கு அம்மாலைகளைச் சூட்டியவர்கள் எதனை நாடிச் சூட்டினர்?

மேலும் ஒன்று. இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்த வழிவிட்ட சட்டம் 1835இல் வந்தது. சீறாப்புராணமே 1842இல்தான் முதன்முதலாக அச்சேறியது. மஸ்தான் சாகிபின் பாடல்கள் அச்சிற்கு முந்திய காலத்தில் சீடர்களின் ஏட்டிலும் நாவிலும் உயிர்வாழ்ந்தன. அவற்றை அச்சேற்றி உலவவிட்டோருள் சீயமங்கலம் அருணாசல முதலியாரும் ஒருவர். நம்மவர் பாடலைக் காத்தளித்த கைகளில் பிற சமயத்தார் கைகளும் இருந்தன.

முடிவுரை

ஊர்ப்பெயர் என்பது பலகையில் எழுதியது. ஆட்சி மாறினால் பலகையும் மாறும். புலவர் சூட்டிய பாமாலையோ எவராலும் அழிக்கவொண்ணாதது. தண்டையார்பேட்டை மஸ்தான் சாகிபால் பெயர் பெறவில்லை. அதனால் அவர்க்கு ஒரு குறைவும் இல்லை. இராயபுரத்துக் கடற்கரையில் முஸ்லிம், சைவர் என்ற வேறுபாடின்றித் தமிழறிந்தோர் ஒரு பக்கீரின் காலடியில் அமர்ந்திருந்தனர் என்பதே இம்மண்ணின் பெருமை.

அம்மூத்தவரை மீண்டும் கண்டு இவற்றையெல்லாம் விரித்துக் கூறினோம். ஐயர் ஒருவர் பாடிய நூலா என ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். அந்நூலைத் தமக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். நான்கு வெள்ளிக்கிழமைகள் தொழுகைக்குப்பின் அவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து படித்தோம்.

மாணவச் செல்வங்கள் செய்யவேண்டுவதும் இதுவே. கேட்ட கதையை ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிடின் அன்போடு விட்டுவிடுங்கள். விட்ட இடத்தில் மெய்யான நூலொன்றை எடுத்து வையுங்கள். வினா எழுப்பி நம்மைத் திருத்திய அம்மாணவர்க்கு இக்கட்டுரை நன்றிக்கடன். எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் உண்மையை உண்மையென்று காணும் கண்ணை வழங்கியருள்வானாக! ஆமீன்.